சொல்பேச்சு கேட்காதவள்

அடிஸ் அபாபா
திர் மாதம் 18

அன்புத் தம்பி மெப்ராத்துவுக்கு,

எப்படி இருக்கிறாய்? அம்மா எப்படி? உன் வீட்டுக்காரி லெம்லெம் எப்படி? பிள்ளைகள் செலாம் எப்படி, நாஹோம் எப்படி? மாடு எப்படி? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். மொத்தமாக "எல்லோரும் நலம்" என்று எழுதி என்னை ஏமாற்றாதே. நான் நலம், கடவுளுக்கு நன்றி.

நம் ஊருக்குப் போன் செத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். இப்போது உதவிச் சங்கத்தின் வெள்ளை வண்டி ஒன்று நம் ஊர்வரை போகிறது. கடிதம் எடுத்துப் போகிறார்கள், ஆனால் ஒட்டாமல் கொடுக்க வேண்டும். வழியில் இரண்டு பக்கத்துக் காவலர்களும் படிப்பார்களாம். சாலை, படை, விலைவாசி என்று ஏதாவது கண்ணில் பட்டால் கிழித்துவிடுவார்களாம். கடிதம் வாங்குகிற பெண் "வீட்டு விஷயம் மட்டும் எழுதுங்க அக்கா" என்றாள். கம்ப்யூட்டர் விளையாட்டு பற்றி எழுதலாமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எழுதிக்கங்க, அத யாரு படிக்கப்போறா" என்றாள்.

ஆகவே நம் மலைக்கோட்டை விளையாட்டு 'அம்பா'வைப் பற்றியே எழுதப்போகிறேன். மெஸ்கெரெம் மாதம் புத்தாண்டுக்கு வெளிவந்தே ஆகவேண்டும் என்று யாரெட் குதிக்கிறான். முதலாளி ஆனதிலிருந்து அவன் குரல் இன்னும் உயர்ந்துவிட்டது, வயதில் என்னைவிடச் சின்னவன். போன் சாவதற்கு முன் நான் அனுப்பியது உன் லேப்டாப்பில் இருக்கிறதல்லவா? விளையாடிப் பார்த்து நிறையும் குறையும் எழுது. பழைய ராஜாக்களும் மலைக்கோட்டைகளும் உன் பாடம். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை அந்தப் பாடத்தால் தூங்க வைத்திருக்கிறாய், என்னையும் கொஞ்சம் தூங்கவிடு.

அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு வேண்டியது இந்த ஒரு பதில்தான், மற்றதெல்லாம் பிறகு. கடிதத்தில் ஒரு வரி சரியில்லை என்று தோன்றினாலும் நடந்தே கிளம்பி வந்துவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

நம் வழக்கப்படி அம்மாவின் முழங்காலுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
அப்ரெஹெத்


அடி ஸெலா
யெகாத்தித் மாதம் 12

என் அன்பான அக்காவுக்கு,

தனித்தனியாகவே எழுதுகிறேன். அம்மா நலம். லெம்லெம் நலம். செலாம் நலம், முன்பல் விழுந்துவிட்டது. நாஹோம் நலம், அந்தப் பல் தனக்கு வேண்டும் என்று அழுகிறான். மாடு இல்லை. நீ நலமாக இருப்பது அறிந்து அம்மா உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கோயில் கூரையில் சூரியத் தகடு ஒன்று இருக்கிறது. பாதிரியார் மதியத்தில் அதில் எனக்கும் கொஞ்சம் இடம் தருகிறார். அந்த வெயில் தீரும்வரை விளையாடுகிறேன்.

நிறைகளை முதலில் சொல்கிறேன், நீ கோபக்காரி. மூடுபனி அருமை. பள்ளத்தாக்கில் அது இறங்கும்போது நம் ஆட்கள் எங்கே, எதிரி எங்கே என்று தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கோவேறு கழுதை மேட்டில் ஏறும்போது மெதுவாகிறது, இதை யாரும் செய்ததில்லை. மழைக்காலம் வந்தால் ஆறு பெருகிச் சண்டை தானே நின்றுபோவது உண்மையிலேயே நம் நாடு. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதும் காலம் நிற்காமல் ஓடுகிறதே, அது நிறையா குறையா என்று தெரியவில்லை. கோட்டைக்குள் இருந்தவனுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

இனிக் குறைகள். வைக்கோல் போருக்குப் பின்னால் போன குடியானவன் வெளியே வரவே தெரியாமல் அங்கேயே நடக்கிறான். பாலத்தில் படை முழுவதும் ஒரே கல்லின்மேல் நிற்கிறது. அறுத்த வயலில் மறுநொடியே டெஃப் தானியம் முளைக்கிறது. அப்படி ஒரு வயல் உலகத்தில் இருந்தால் எங்கே என்று சொல், குடும்பத்தோடு போய்விடுகிறேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். குடியானவப் பெண்ணைத் தட்டினால் அம்மாவின் குரல் வருகிறதல்லவா, நீ போனில் பதிவு செய்தது? "என்ன கண்ணு, சொல்லு" என்று அது கேட்டதும் அம்மா என்னைத் திட்டினாள். "அவள விறகு வெட்டச் சொல்லாதடா, காலையிலேருந்து நிக்கிறா." அதன்பிறகு ஆண்களை மட்டுமே விறகு வெட்ட அனுப்புகிறேன்.

எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள்.

உன் தம்பி,
மெப்ராத்து


அடிஸ் அபாபா
மெகாபித் மாதம் 5

அன்புத் தம்பிக்கு,

உங்கள் எல்லோரையும் கடவுள் அவர் கைக்குள் வைத்திருக்கட்டும். பல்லை நாஹோமுக்கே கொடுத்துவிடச் சொல், பிள்ளையை ஏன் அழவிடுகிறீர்கள்? நான் நலம், கொஞ்சம் சளி.

வைக்கோல் போரைச் சரிசெய்துவிட்டேன். வயலையும் சரிசெய்தேன், இனி மழை பெய்தால்தான் முளைக்கும். பாலத்தைக் கேட்காதே, அது என் உயிரை எடுக்கிறது.

புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். பெருநோன்பு மாதத்தில் கோட்டை மக்கள் நோன்பிருப்பார்கள். மதியம்வரை அடுப்பு எரியாது, களஞ்சியத்திலிருந்து பாதிதான் குறையும். ஆட்டக்காரன் கெட்டிக்காரனாக இருந்தால் முற்றுகையை நோன்பு மாதம்வரை தள்ளிக்கொண்டு போவான். இந்த யோசனை நம்மவர்கள் தவிர யாருக்கு வரும், சொல்? யாரெட்டுக்குக்கூடப் பிடித்திருந்தது. சாதாரணமாக அவனுக்கு வாளும் குதிரையும் தவிர எதுவும் பிடிக்காது.

நோன்பு என்றதும் நினைவு வருகிறது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு. பாதிரியாரே அவளுக்கு நோன்பு வேண்டாம் என்று போன வருடம் சொன்னார். அவள் கேட்கமாட்டாள். நீயாவது அதட்டு. நான் சொன்னேன் என்று சொல்.

அவளுக்காக ஒரு செய்தி. அந்த நாலாவது வரியை யாரெட் வெட்டச் சொன்னான். மூன்று வரி பேசச் சொன்னால் அம்மா தானாக "சாப்பிட்டியா?" என்று சேர்த்தாளே, அதைத்தான். போர்க்கள விளையாட்டில் இது எதற்கு என்றான். நான் வெட்டவில்லை.

அவள் முழங்காலுக்கு என் முத்தம்.

அப்ரெஹெத்


அடி ஸெலா
மியாஸ்யா மாதம் 2

அன்பான அக்காவுக்கு,

உன் சளி போய்விட்டதா? அம்மா இஞ்சிக் கஷாயம் குடிக்கச் சொன்னாள். நாங்கள் நலம்.

பெருநோன்பு யோசனை உன் விளையாட்டில் இதுவரை உள்ளதிலேயே பெரிய நிறை. வாத்தியாராகச் சொல்கிறேன், முழு மதிப்பெண்.

ஆனால் முற்றுகை தவறு. உன் விளையாட்டில் கோட்டையைச் சூழ்ந்துகொண்டவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அதனால் பொறுமையிழந்து தாக்குகிறான், இல்லையென்றால் வீட்டுக்குப் போகிறான். பழைய காலத்தில் அப்படியில்லை. மலைக்கோட்டைகள் பெரும்பாலும் வாளால் விழவில்லை. கீழே இருந்தவன் கூடாரம் அடித்தான், காபி குடித்தான், காத்திருந்தான். வேறெதுவும் செய்யவில்லை. காத்திருப்பதைத்தான் ஆட்டத்தின் பலமாக வைக்க வேண்டும்.

இன்னொரு குறை. களஞ்சியம் உன்னிடம் ஒரே ஓர் எண். அது இருக்கும்வரை எல்லோரும் ஒரே அளவு தெம்பாக இருக்கிறார்கள், தீர்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தளர்கிறார்கள். பசி அப்படி வராது அக்கா. ஒரு வீட்டில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தாலும் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. குர்ஷா கொடுக்கிறோமே, அன்புக்காக ஒரு கவளம் சுருட்டி மற்றவர் வாயில் ஊட்டுகிறோமே, அதை யோசித்துப் பார். ஊட்டுகிற கை ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அந்தக் கைக்குரியவள் மற்றவர்களுக்கு முன்னால் தளர்வாள். உன் கோட்டையில் அப்படி ஒருத்தி இல்லை.

முடிந்தால் சேர்த்துப் பார். பிள்ளைகள் நலம்.

மெப்ராத்து


அடிஸ் அபாபா
மியாஸ்யா மாதம் 25

அன்புத் தம்பிக்கு,

அவர் உயிர்த்தெழுந்தார். என் ஈஸ்டர் வாழ்த்து எல்லோருக்கும். கோழிக்குழம்பு யார் வைத்தது? அம்மாவா, லெம்லெமா? முட்டைக்கு இந்த முறையும் சண்டையா? எழுது, நாக்கில் எச்சில் ஊற எழுது. நான் இங்கே யாரெட் வீட்டில் சாப்பிட்டேன். அவன் அம்மா வைத்த குழம்பில் காரமே இல்லை, பாவம், நல்ல மனுஷி.

நீ கேட்டவளைச் செய்துவிட்டேன். களஞ்சியத்துக் கதவருகே நிற்பாள், வெள்ளைத் துணி போர்த்தியவள். தானியம் குறையக் குறையத் தன் பங்கைப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஊட்டுவாள். ஆட்டக்காரன் அவளை நகரச் சொல்ல முடியாது, நிறுத்தவும் முடியாது. அவளுக்கும் அம்மா குரல்தான், ஆனால் ஒரே ஒரு வரி. தட்டினால் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பாள்.

யாரெட் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, சொன்ன பேச்சு கேக்காத ஆளுக்கு எங்க ஊர்ல கோளாறுன்னு பேரு." எங்கள் ஊரில் அம்மா என்று பேர் என்றேன். காத்திருப்பு யோசனைக்கு மட்டும் தலையாட்டினான்.

நீ விளையாடிப் பார்க்க முடியாதே என்பதுதான் எனக்கு வருத்தம். உன்னிடம் இருப்பது பழைய ஆட்டம். இந்த வண்டியில் காகிதம் தவிர எதையும் ஏற்றமாட்டேன் என்கிறார்கள்.

ஈஸ்டர் விருந்தைப் பற்றி எழுத மறந்தால் உன்னோடு பேசமாட்டேன்.

அப்ரெஹெத்


அடி ஸெலா
கின்போத் மாதம் 14

அன்பான அக்காவுக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகப் போனது. கோயிலில் மணி அடித்தார்கள், பாட்டு இருந்தது. பாதிரியார் உன்னை விசாரித்தார்.

களஞ்சியத்துப் பெண்ணைப் பற்றி நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள். அவளும் அப்படித்தான் இருக்கிறாள். இங்கே நோன்பிருக்கிறாள், தன் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். அதைப் பார்த்துத்தான் உனக்கு எழுதினேன்.

இப்போது நான் லேப்டாப்பில் விளையாடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் விளையாடுகிறேன். உன் மலை, உன் பனி எல்லாம் மனப்பாடம். கண்ணுக்கும் நல்லது.

செலாம் அத்தைக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். நாஹோம் உயரமாகிவிட்டான்.

மெப்ராத்து


அடிஸ் அபாபா
கின்போத் மாதம் 28

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம், வேலை கழுத்துவரை. உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்தால் எப்படி? காகிதம் இல்லையா? அடுத்த முறை இதிலேயே வெற்றுத்தாள் சேர்த்து அனுப்புகிறேன்.

அம்மாவின் பக்தி தாங்க முடியவில்லை. பாதிரியாருக்கே பாடம் எடுப்பாள் போலிருக்கிறது. "போதும், சொர்க்கத்துல உனக்கு எடம் போட்டாச்சு, ஒழுங்கா சாப்பிடு"ன்னு நான் சொன்னதாகச் சொல்.

லேப்டாப் என்ன ஆயிற்று? கண்ணுக்கு நல்லது என்கிறாய். சின்ன வயதில் மாட்டுத் தொழுவ விளக்கில் படித்தவனுக்கு இப்போது கண்ணைப் பற்றி என்ன திடீர்க் கவலை?

ஒரு வேலை இருக்கிறது, அம்மாவுக்கு. களஞ்சியம் முழுவதும் தீர்ந்தபின் அந்தப் பெண்ணைத் தட்டினால் அவள் என்ன சொல்வாள்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, யாரெட் எழுதியது நாடக வசனம் மாதிரி இருக்கிறது. அம்மாவைக் கேள். அவள் வாயில் வருவதை அப்படியே எழுதி அனுப்பு. இங்கே அவள் மாதிரி பேசுகிற ஒருத்தியைப் பிடித்துப் பதிவு செய்துகொள்கிறேன், நல்ல காலம் பிறந்ததும் அம்மாவே வந்து மறுபடி சொல்லட்டும். புத்தாண்டுக்கு அவளை இங்கே கூட்டிவந்து பெரிய திரையில் காட்டுவதாக யாரெட்டிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அப்ரெஹெத்


அடி ஸெலா
செனெ மாதம் 20

அன்பான அக்காவுக்கு,

உன் நலம் அறிந்தேன். லெம்லெம் நலம். பிள்ளைகள் நலம். மழை தொடங்கிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் சத்தம் எதுவும் வைக்காதே. தட்டினால் பேசாமல் இருக்கட்டும்.

இன்னொரு பெரிய குறை எனக்குப் பட்டது. உன் ஆட்டத்தில் ஆள் விழுந்ததும் உடல் மங்கி மறைந்துவிடுகிறது. கணினிக்குப் பாரம் குறைய அப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை சொன்னாய். அது கூடாது அக்கா. உடல் இருக்கட்டும். யாராவது தூக்கிக்கொண்டு கோயில்வரை போகட்டும். தூக்குகிறவர்களுக்குத் தெம்பு இல்லையென்றால் நின்று நின்று போகட்டும், கை மாற்றிக்கொள்ளட்டும். அதுவரை ஆட்டக்காரன் வேறு எதுவும் செய்ய முடியாதபடி வை. காலம் நிற்காமல் ஓடும் ஆட்டம் என்றாலும் அங்கே ஒரு முறை நிற்கலாம்.

உன்னைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு.

மெப்ராத்து


அடிஸ் அபாபா
ஹம்லெ மாதம் 12

மெப்ராத்து,

நலம் விசாரிக்க இன்று எனக்குப் பொறுமையில்லை.

முந்தாநாள் யாரெட் ஆட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தவன் என்னைக் கூப்பிட்டான். கோட்டையில் ஈஸ்டர் மணி அடித்துவிட்டது, ஆனாலும் மக்கள் பாதிதான் சாப்பிடுகிறார்கள், அடுப்பு மதியம்வரை எரியவில்லை. நோன்பு முடியும் நாளை நான் தவறாகப் போட்டிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தான். "ஈஸ்டருக்கு அப்புறம் எவன் அக்கா நோன்பு இருப்பான்? அந்த அம்பது நாள்ல புதன் வெள்ளி நோன்புகூடக் கெடையாது. பாதிரியார் பாத்தா வெரட்டி வெரட்டி அடிப்பாரு." நானும் சிரித்தேன். திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளுக்கு உன் வரி ஒன்று நினைவு வந்தது.

உன் கின்போத் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஈஸ்டர் கழிந்து மூன்று நாலு வாரம். விருந்துக் காலம், நம்மில் நோன்பிருப்பதே பாவம் என்கிற காலம். "இங்கே நோன்பிருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்துவிட்டு நான் கேலி பேசியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கோழிக்குழம்பு பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. லேப்டாப் தானியமாகிவிட்டது, இல்லையா? நாஹோம் உயரமாகவில்லை, மெலிந்திருக்கிறான், இல்லையா?

கடைசிக் கடிதத்தை மறுபடி மறுபடி வாசித்தேன். லெம்லெம் நலம், பிள்ளைகள் நலம். அம்மா நலம் என்று இல்லை.

படிக்கிற காவலர்களே, உங்களுக்கும் அம்மா இருப்பாள். இதைக் கிழிக்காதீர்கள்.

அம்மா எங்கே, மெப்ராத்து?

அப்ரெஹெத்


அடிஸ் அபாபா
நெஹாஸெ மாதம் 10

அன்புத் தம்பிக்கு,

பதில் இல்லை. வண்டி வந்து போய்விட்டது, உன் கடிதம் இல்லை என்றாள் அந்தப் பெண். மழையில் பாலம் போயிருக்கலாம் என்று அவளே ஒரு சமாதானம் சொன்னாள்.

ஆத்திரத்தில் எழுதினேன், மன்னித்துக்கொள். எதுவானாலும் எழுது. நான் நடந்து வரமாட்டேன், அம்மா மேல் சத்தியம். நீ கேட்டபடி உடல்கள் இப்போது மறைவதில்லை.

அக்கா


அடி ஸெலா
பாகுமெ மாதம் 2

என் அக்காவுக்கு,

கடவுள் உனக்குத் தெம்பு தரட்டும். இந்தக் கடிதம் வண்டியில் வரவில்லை. இங்கே வந்துபோகும் ஒரு டாக்டர் தன் பையில் கொண்டுவருகிறார், உறை ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு படி.

அம்மா போய்விட்டாள். கின்போத் மாதக் கடைசியில். உன் கேள்வி வந்து சேர்ந்தபோது அவள் மண்ணுக்குள் இருந்தாள். அதனால்தான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மாத்திரை தீர்ந்து வெகுகாலம். அதைவிடச் சாப்பாடுதான். பிள்ளைகள் சாப்பிட்டபின் சாப்பிடுகிறேன் என்பாள். பிறகு நோன்பு என்று ஆரம்பித்தாள். பெருநோன்பில் யாரும் கேட்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகும் நோன்பு என்றாள். பாதிரியாரே வீட்டுக்கு வந்து, "அம்மா, இது நோன்புக் காலமில்ல, இப்ப பட்டினி கெடந்தா பாவம்" என்றார். "பாவத்த நான் பாத்துக்கறேன் ஃபாதர், நீங்க காபி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். காபி இல்லை. அது அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் நானே குர்ஷா சுருட்டி அவள் வாயருகே கொண்டுபோனேன். நம் வீட்டில் நீட்டிய குர்ஷாவை யாராவது மறுத்துப் பார்த்திருக்கிறாயா? மகன் ஊட்டினால் எந்தத் தாயும் வாயைத் திறப்பாள் என்று நம்பினேன். வாயை இறுக மூடிக்கொண்டாள் அக்கா. என் கையைப் பிடித்து, அப்படியே திருப்பி நாஹோமின் வாயில் வைத்தாள். செலாமை விட்டு ஊட்டச் சொன்னேன், அப்போதும் அப்படியே. அவளுக்கு என்னைவிடப் பலம் இருந்தது.

லேப்டாப்பைக் கொடுத்துத்தான் டெஃப் வாங்கினோம். அதையும் அவள் தொடவில்லை. கொடுக்கிறதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை விளையாட்டில் தன் குரலைத் தட்டிக் கேட்டாள். "பாவம், நல்லா பேசுறா" என்றாள்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ நடந்து வருவாய் என்று எழுதியிருந்தாய். வரத்தான் வருவாய். அந்தச் சாலையில் நடந்து வந்தவர்களைப் பற்றி உனக்கு எழுதமாட்டேன். அம்மாவும் அதையே சொன்னாள். "அவகிட்ட இப்ப சொல்லாத. சோத்த முன்னால வெச்சிட்டு உக்காந்துருவா, எறங்காது அவளுக்கு." அவள் பேசியதில் தெளிவாக எனக்குக் கேட்டது அதுதான் கடைசி.

தூக்கிக்கொண்டு போக ஈமச்சங்கத்து ஆட்கள் வந்தார்கள். நின்று நின்று போனோம்.

இப்போது கொஞ்சம் மாவு வருகிறது. பிள்ளைகள் பிழைத்துவிட்டார்கள், என்னை நம்பு. அவள்தான் பிழைக்க வைத்தாள்.

உன் தம்பி,
மெப்ராத்து


அடிஸ் அபாபா
மெஸ்கெரெம் மாதம் 8

என் தம்பிக்கு,

புத்தாண்டு பிறந்துவிட்டது. மஞ்சள் பூ எங்கும் பூத்திருக்கிறது, வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. லெம்லெமுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது. ஒரு வாரம் இருந்தது. நீ அதைத் தனியாகச் சுமந்துகொண்டு எனக்கு வைக்கோல் போரைப் பற்றி எழுதினாயே என்று நினைத்தபோது போய்விட்டது.

அம்பா வெளிவந்துவிட்டது. ஒருவர் விமர்சனம் எழுதியிருக்கிறார். நிறைகள்: மூடுபனி, மழை, காத்திருந்து கொல்லும் முற்றுகை, இறந்தவர்களைத் தூக்கிப் போவது. குறை என்று ஒன்றைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறார். களஞ்சியத்துப் பெண் எந்தக் கட்டளைக்கும் பணிவதில்லை, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஆடினாலும் அவளைக் காப்பாற்ற வழியில்லை, அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும் என்கிறார்.

நான் திருத்திப் பார்த்தேன் மெப்ராத்து. உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து, ஒரு சின்னப் பெண் வந்து அவளுக்கு ஊட்டுகிற மாதிரி எழுதினேன். நீட்டிய கையை மறுக்கக் கூடாது என்று ஒரே வரி. ஓடவிட்டேன். வாயைத் திறந்தாள். சாப்பிட்டாள். மழை வந்தது, கீழே காத்திருந்தவன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போனான், அவள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அப்படி அழுதேன், பக்கத்து அறையிலிருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

பிறகு அதை அழித்துவிட்டேன். உன் கையை அவள் திருப்பிவிட்டாள். செலாமின் கையைத் திருப்பிவிட்டாள். அவள் செய்ததை நான் பொய்யாக்க முடியாது. யாரெட்டிடம் சொன்னேன், கத்துவான் என்று நினைத்தேன். "இருக்கட்டும் அக்கா. கொறைன்னே எழுதட்டும்" என்றான்.

சாலை திறக்கப்போகிறது என்கிறார்கள். முதல் பேருந்துக்குப் பேர் கொடுத்திருக்கிறேன், நடந்து வரவில்லை, பயப்படாதே. வந்ததும் எல்லோரும் ஒரே தட்டில் உட்காருவோம். முதல் கவளம் நான் ஊட்டுவேன், உனக்குத்தான். நீயும் அவள் பிள்ளை, எனக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் வாயைத் தேடுவாய். தேடக் கூடாது. வாயைத் திற.

தினமும் வேலை முடிந்து கிளம்புமுன் களஞ்சியத்துப் பெண்ணை ஒருமுறை தட்டுகிறேன். "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். ஆமாம், ஆமாம் என்று இத்தனை நாளும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். சோறு அம்மா சொன்னபடியே இறங்கவில்லை. நேற்று யாரெட்டின் அம்மா குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள், காரமே இல்லை. உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டேன். அப்புறம் போய் அவளிடம் சொன்னேன்.

உன் அக்கா,
அப்ரெஹெத்